மரம் விழுந்தால் குற்றவாளி யார்? காற்றா, மனிதனா?

தர்மபுரி:-

கடற்கரையே இல்லாத மாவட்டம் தர்மபுரி. "புயலா? அது கடலூர்க்காரங்களுக்கும் நாகப்பட்டினத்துக்காரங்களுக்கும் வர்றது. நமக்கு என்னங்க?" என்று டீக்கடை பெஞ்சில் பேசுவது இங்கே வழக்கம்.

அந்தப் பேச்சுக்கு 2024-ம் ஆண்டு டிசம்பர் மாதம் முற்றுப்புள்ளி வைத்தது.

நவம்பர் 30-ந் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது "பெஞ்சல்" புயல். கரைக்கு வந்ததும் காற்று வலு இழந்தது. மழை வலு இழக்கவில்லை. நத்தை போல உள்நாட்டுக்குள் நகர்ந்து வந்து கொட்டித் தீர்த்தது.

டிசம்பர் 2-ந் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் அரூரில் பெய்த மழை 33 சென்டி மீட்டர்! புதுச்சேரியில் இருந்து ஏறத்தாழ 150 கிலோ மீட்டர் தள்ளி இருக்கிற ஊர் அது. பக்கத்து ஊரான ஊத்தங்கரையில் 50 சென்டி மீட்டர்! ஊத்தங்கரை 2004-ம் ஆண்டு வரை தர்மபுரி மாவட்டத்தில் இருந்து, பிறகு கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குப் போன ஊர். அங்கே ரோட்டோரம் நிறுத்தி இருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்தில் உருண்டு போனதை நாடே பார்த்தது.

மழை நின்றது. வெயில் வந்தது. கடைகள் திறந்தன. ஆனால் ஒரு ஆபத்து மட்டும் போகவில்லை.

தண்ணீர் குடித்து ஊறிப்போன மண்ணில் மரங்கள் நின்று கொண்டிருந்தன!

சேற்றில் நட்ட கம்பம்

மரம் விழுவதற்குப் பெருங்காற்றுதான் வேண்டும் என்பது இல்லை. மண் காய்ந்து இறுகி இருக்கும்போது 70 கிலோ மீட்டர் வேகக் காற்றையும் தாங்குகிற மரம், மண் கூழாகி விட்டால் அதில் பாதி வேகத்துக்கே சாய்ந்து விடலாம். சேற்றில் நட்ட கொடிக்கம்பம் நிற்குமா? அந்தக் கதைதான்.

தர்மபுரி மாவட்டத்துக்கு வருஷத்தில் இரண்டு தடவை இந்த சோதனை வருகிறது. சித்திரை, வைகாசியில் கோடை மழையோடு வரும் சூறைக்காற்று ஒன்று. அது மண்ணை நனைக்கும் முன்பே மரத்தைப் பிடித்து உலுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் விடாமல் பெய்யும் மழை மற்றொன்று. அது மண்ணை ஊற வைத்துவிட்டுக் காத்திருக்கும்.

பஸ் நிலையம், வாரச்சந்தை, தாலுகா ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், கடைவீதி... ஜனங்கள் கூடுகிற இடத்தில்தான் மரநிழலும் இருக்கிறது. நிழல் இருக்கிற இடத்தில்தான் ஜனங்களும் நிற்கிறார்கள்.

மரம் விழுந்து விட்டால் மறுநாள் எல்லோரும் ஒரே வசனம்தான் பேசுகிறார்கள். "காத்து அடிச்சது, மரம் விழுந்தது. யாரு என்ன பண்ண முடியும்?"

காற்றைக் கைது செய்ய முடியாது. அதனால் கேஸ் அங்கேயே முடிந்து விடுகிறது.

ஆனால் சுப்ரீம் கோர்ட்டு அப்படி விட்டுவிடவில்லை!

35 வருஷ வழக்கு

1964-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். டெல்லியில் ஒரு வாலிபர் ஸ்கூட்டரில் போய்க்கொண்டு இருந்தார். ரோட்டோர மரத்தின் கிளை திடீர் என்று முறிந்து அவர் தலையில் விழுந்தது. மறுநாள் அவர் இறந்து போனார்.

குடும்பத்தார் டெல்லி மாநகராட்சி மீது நஷ்டஈடு கேட்டு வழக்கு போட்டார்கள். கோர்ட்டு கோர்ட்டாக ஏறி, 1999-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு முடிந்தது. அந்த மரம் பச்சை மரம் அல்ல. பட்டுப்போன மரம். பார்த்தாலே தெரிகிற ஆபத்து. ரோட்டோர மரங்களைப் பார்த்து, ஆபத்தானதை அகற்ற வேண்டியது மாநகராட்சியின் கடமை. அதைச் செய்யாதது கவனக்குறைவு என்று கோர்ட்டு முடிவு செய்தது. ரூ.1 லட்சத்து 44 ஆயிரம் நஷ்டஈடு உறுதியானது. 35 வருஷம் கழித்து!

மரம் யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது இந்த வழக்கு சொல்லும் பாடம். அது மாநகராட்சிக்கு மட்டும் அல்ல. தன் இடத்தில் மரம் வைத்திருக்கும் மண்டப முதலாளிக்கும், மில் சொந்தக்காரருக்கும், தனியார் பள்ளிக்கூட நிர்வாகத்துக்கும் யோசிக்க வேண்டிய விஷயம். கவனக்குறைவால் மரணம் ஏற்பட்டால் கிரிமினல் வழக்கும் வரலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 304-ஏ என்று போலீஸ் நிலையங்களில் பேசப்பட்ட பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 106-வது பிரிவாக இருக்கிறது.

இன்னொரு சம்பவம். 2022-ம் ஆண்டு ஜூன் 24-ந் தேதி. சென்னை கே.கே.நகர் பி.டி.ராஜன் சாலை. மாலை நேரம். புயல் சீசனே இல்லை. ரோட்டோர மரம் ஒன்று வேரோடு சாய்ந்து ஒரு கார் மீது விழுந்தது. காரில் இருந்த வங்கிப் பெண் அதிகாரி பலியானார். பக்கத்தில் மழைநீர் வடிகாலுக்காகப் பள்ளம் தோண்டியதால் வேர் ஆட்டம் கண்டுவிட்டது என்று அந்தப் பகுதி மக்கள் குற்றம் சாட்டினார்கள். பள்ளத்துக்கும் மரம் விழுந்ததற்கும் சம்பந்தம் இல்லை என்று மாநகராட்சி மறுத்தது.

யார் சொன்னது சரி என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். மரம் விழுந்தால் முதலில் எங்கே பார்க்க வேண்டும் என்பதை அந்த சம்பவம் காட்டிவிட்டது. வேரைப் பார்க்க வேண்டும்!

மரத்துக்கு பிரேத பரிசோதனை

மனிதன் செத்தால் பிரேத பரிசோதனை நடக்கிறது. மரம் விழுந்தால் ரம்பம்தான் வருகிறது. துண்டு போட்டு லாரியில் ஏற்றினால் தடயம் எல்லாம் போச்சு!

விழுந்த மரத்தை ஐந்து நிமிஷம் நின்று பார்த்தால் போதும். நான்கு காயங்களில் ஒன்றாவது கண்ணில் படும்.

முதல் காயம் வேரில். "மரம் எவ்வளவு உசரமோ அவ்வளவு ஆழத்துக்கு ஆணி வேர் இருக்கும்" என்று பலர் நினைக்கிறார்கள். தப்பு. பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில் சுமார் 3 அடி ஆழத்துக்குள்தான் இருக்கின்றன. ஆனால் பக்கவாட்டில் கிளைகளையும் தாண்டிப் போகின்றன. சாக்கடைக்கும், குடிநீர்க் குழாய்க்கும், கேபிளுக்கும் மரத்தை ஒட்டிப் பள்ளம் தோண்டினால் ஒரு பக்கத்துப் பிடிமானம் முழுவதும் அறுந்து போகிறது. பள்ளத்தை மூடிவிட்டு ஆட்கள் போய் விடுகிறார்கள். மரம் வெளியே பச்சைப்பசேல் என்று நிற்கிறது. பள்ளம் தோண்டிய பக்கம் இருந்து காற்று அடிக்கும் நாளில் எதிர்ப்பக்கம் சாய்கிறது.

இரண்டாவது காயம் சிமெண்டு. கடை வாசலை அழகுபடுத்துகிறோம் என்று அடிமரம் வரை சிமெண்டு பூசுகிறார்கள். டைல்ஸ் ஒட்டுகிறார்கள். தண்ணீரும் இறங்காது, காற்றும் இறங்காது. வேர் மூச்சுத் திணறி அழுகிறது. இதற்காகத்தான் தேசிய பசுமை தீர்ப்பாயம் 2013-ம் ஆண்டு டெல்லியில் மரத்தைச் சுற்றி 1 மீட்டர் தூரத்துக்கு சிமெண்டு இருக்கக்கூடாது என்று உத்தரவு போட்டது.

மூன்றாவது காயம் ஒரு பக்க வெட்டு. மின்கம்பி போகும் பக்கத்துக் கிளைகளை எல்லாம் வெட்டித் தள்ளிவிட்டு, மறுபக்கத்தை அப்படியே விட்டு விடுகிறார்கள். ஒரு கையில் மட்டும் தண்ணீர்க் குடம் தூக்கியவர் போல மரம் ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. கடையின் பெயர்ப்பலகை மறைக்கிறது என்று தலையை மொட்டை அடிப்பதும் நடக்கிறது. மொட்டை அடித்த இடத்தில் கொத்தாகத் தளிர் வரும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தக் கிளைகளுக்குப் பிடிப்பு கிடையாது. நாலு வருஷம் கழித்து கனம் ஏறியதும் அடியோடு பிய்த்துக்கொண்டு வரும்.

நான்காவது காயம் தீயும் ஆணியும். குப்பையை மரத்தடியில் கூட்டிக் கொளுத்துவது, கொதிக்கும் தண்ணீரை வேரில் ஊற்றுவது, விளம்பரத் தகடுகளை அடிமரத்தில் ஆணி அடித்து மாட்டுவது. பட்டை கருகும். அதன் வழியே பூஞ்சைக்காளான் உள்ளே போகும். வெளியே மரம், உள்ளே பொந்து!

எந்த மரம் எச்சரிக்கிறது?

மரம் பெரும்பாலும் சொல்லாமல் விழுவது இல்லை. நாம்தான் பார்ப்பது இல்லை.

அடிமரத்தில் காளான் பூத்திருந்தால் உள்ளே அழுகல் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு பக்கம் மண் விண்டு, வெடிப்பு விட்டு, மேடாகத் தூக்கி இருந்தால் வேர் கிளம்புகிறது என்று அர்த்தம். நேற்று வரை நேராக நின்ற மரம் இன்று சாய்ந்து தெரிந்தால் உடனே ஆட்களை விலக்க வேண்டும். கவை பிரிகிற இடத்தில் விரிசல், மழைக்குப் பிறகும் இலை விடாத கிளை, முறிந்து கீழே விழாமல் மேலேயே தொங்கும் கொம்பு - இவை எல்லாம் ஆபத்து.

தொங்கும் கொம்புதான் பொல்லாதது. புயல் நாளில் யாரும் மரத்தடியில் நிற்பது இல்லை. மூன்று நாள் கழித்து வெயில் அடிக்கும்போது அதே நிழலில் சைக்கிளை நிறுத்துகிறார்கள். லேசான காற்றுக்குக் கொம்பு இறங்குகிறது.

மரத்திலும் ஜாதி பார்க்க வேண்டி இருக்கிறது. 2016-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி சென்னையைத் தாக்கிய வார்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. நிழலுக்காகவும் பூவுக்காகவும் வைத்த மயில்கொன்றை, இயல்வாகை, தூங்குமூஞ்சி மரங்கள் நிறைய விழுந்தன. சீக்கிரம் வளரும், சீக்கிரம் முறியும். வேம்பு, புங்கன், புளி, நாவல் போன்றவை மெல்ல வளர்ந்து உறுதியாக நிற்பவை. ஆனால் வேரை வெட்டிவிட்டால் புளியமரமும் விழும்!

முதல் எமன் மின்சாரம்

மரம் விழுந்ததும் கத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் வழக்கம். ஓடக்கூடாது.

விழுந்த மரத்துக்குள் மின்கம்பி சிக்கி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் கிட்டே போகக்கூடாது. தரை ஈரம், மரம் ஈரம் - இரண்டிலும் கரண்ட் பாயும். "தெருவில் கரண்ட் இல்லையே" என்று நம்பவும் கூடாது. பக்கத்துக் கடைக்காரர் முறையாக இணைக்காத ஜெனரேட்டரை ஓட்டினால், செத்துக் கிடக்கும் கம்பிக்கும் உயிர் வந்துவிடும்! மின்வாரியத்தின் "மின்னகம்" சேவை மையத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லலாம். மாவட்ட பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. ஆள் சிக்கி இருந்தால் 112.

அடுத்தது அறுவை. வில் போல வளைந்து கிடக்கும் கிளையில் விறைப்பான பக்கத்தில் ரம்பத்தை வைத்தால் அது திருப்பி அடிக்கும். வேரோடு சாய்ந்த மரத்தின் குழிக்குள் யாரும் நிற்கக்கூடாது. மேல்பாரத்தை அறுத்து எடுத்ததும் அடிமரம் துள்ளி எழுந்து பழைய குழியிலேயே உட்காரும். குழியில் நின்றவன் கதி அதோகதி!

"ஒரு ஆளுக்கு ஐநூறு ரூபாய் குடுத்தா ஏறி வெட்டிடுவான்" என்று கயிறு இல்லாமல், ஹெல்மெட் இல்லாமல் ஆளை ஏற்றி விடுவது அந்த ஆளின் உயிரோடு விளையாடுவது. மழையில் நனைந்த பட்டை சோப்பு போல வழுக்கும். இடுப்புக் கயிறு, தலைக்கவசம், கீழே ஆள் நடமாட்டத்தைத் தடுக்க ஒருவர் - இந்த மூன்றும் இல்லாமல் யாரையும் ஏற்றக்கூடாது.

எல்லா மரமும் சாக வேண்டுமா?

பயத்தில் எல்லா மரத்தையும் வெட்டித் தள்ளுவது அடுத்த தப்பு. ஒரு கிளை முறிந்ததற்காக ஐம்பது வருஷ மரத்தை அடியோடு சாய்க்கிறார்கள். கை முறிந்தவனை சுடுகாட்டுக்குத் தூக்கிப் போவது போல!

முறிந்த கிளையை எடுப்பதற்கு முறை இருக்கிறது. முதலில் அடிமரத்தில் இருந்து ஒரு அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் கொஞ்சம் அறுக்க வேண்டும். பிறகு அதற்குச் சற்று வெளியே மேல்பக்கத்தில் இருந்து அறுக்க வேண்டும். பாரம் இறங்கிய பிறகு மீதிக் கட்டையை, கிளை தொடங்கும் இடத்தில் தடித்திருக்கும் கழுத்தை ஒட்டி எடுக்க வேண்டும். ஒரே வெட்டாக மேலிருந்து வெட்டினால் கிளை விழும்போது அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். கழுத்தையும் சேர்த்து வழித்து எடுத்தால் காயம் ஆறாது.

வெட்டிய இடத்தில் தார் பூசுவதும், பொந்தில் சிமெண்டு அடைப்பதும் பழைய வைத்தியம். அமெரிக்க வனத்துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஷைகோ என்ற ஆராய்ச்சியாளர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்தார். மரம் காயத்தைச் சுற்றித் தானே உள்ளுக்குள் சுவர் கட்டிக்கொள்கிறது என்று 1977-ல் எடுத்துச் சொன்னார். ஒழுங்காக வெட்டினால் போதும், மருந்து வேண்டாம் என்பதே இப்போது மரநிபுணர்களின் முடிவு.

சிறிய மரம் சாய்ந்தால் நிமிர்த்தலாம். வேர் காய்வதற்குள் ஈரச்சாக்கு போட்டு மூடி, ஓரிரு நாளில் நிமிர்த்தி, மண் அணைத்து, மூன்று பக்கம் முட்டுக் கொடுத்தால் பல மரங்கள் பிழைக்கும். பெரிய மரத்தை நிமிர்த்தி ஜன நடமாட்டம் உள்ள இடத்தில் நிறுத்துவது ஆபத்து.

லண்டனில் நடந்த அதிசயம்

1987-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி அதிகாலை இங்கிலாந்தில் பெரும் புயல் வீசியது. சுமார் 1½ கோடி மரங்கள் சாய்ந்தன. லண்டனில் உள்ள கியூ தாவரவியல் பூங்காவில் மட்டும் சுமார் 700 மரங்கள் போயின.

அங்கே "டர்னர் ஓக்" என்று ஒரு வயதான மரம். அதற்கு முன்பே வாடிக்கொண்டு இருந்தது. புயல் அதை வேரோடு தூக்கி, மறுபடியும் அதே இடத்தில் வைத்துவிட்டுப் போனது. "கடைசியில் வெட்டலாம்" என்று முட்டுக் கொடுத்து விட்டுவிட்டார்கள். சில வருஷம் கழித்துப் பார்த்தால் மரம் முன்பை விடச் செழிப்பாகத் தழைத்து இருந்தது!

காரணம் என்ன? பூங்காவுக்கு வந்த ஜனங்கள் பல வருஷம் மிதித்து மிதித்து அடிமண் கல் போல இறுகி இருந்தது. புயல் தூக்கிப் போட்டதில் மண் பொலபொல என்று ஆனது. வேருக்குக் காற்று கிடைத்தது. அதன் பிறகு மற்ற மரங்களுக்கும் அடிமண்ணைத் தளர்த்தும் வேலையைப் பூங்காவில் தொடங்கினார்கள்.

மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் நம் கடைவீதி மரத்தடிக்கும் இந்தக் கதை பொருந்தும்.

மரம் யாருடையது?

கடைக்கு எதிரே நிற்பதால் மரம் கடைக்காரருடையது ஆகிவிடாது. ரோட்டோர மரம் ரோடு யாருடையதோ அவர்களுடையது. மாநில நெடுஞ்சாலை என்றால் நெடுஞ்சாலைத்துறை. தொப்பூர் வழியாகப் போகும் பெங்களூர் - சேலம் ரோடு என்றால் தேசிய நெடுஞ்சாலை ஆணையம். ஊருக்குள் நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி. ஏரிக்கரை என்றால் நீர்வளத்துறை.

ரோட்டோரப் புளியமரங்களுக்கு நம்பர் போட்டு, பழத்தை ஏலம் விடுவது தர்மபுரிக்காரர்கள் அறிந்ததுதான். பழம் பறிக்கக் கணக்கு இருக்கும்போது, மரம் தாங்குமா என்று பார்ப்பதற்கும் ஒரு கணக்கு இருக்க வேண்டாமா?

பொது இடத்து மரத்தைத் தன்னிஷ்டத்துக்கு வெட்டினால் திருட்டு வழக்கு வரும். வெட்ட வேண்டிய அவசியம் இருந்தால் கலெக்டர் தலைமையில் உள்ள மாவட்டப் பசுமைக் குழுவிடம் போக வேண்டும். 2021-ம் ஆண்டு முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. ஒரு மரத்துக்குப் பத்து கன்று நட வேண்டும் என்பது நிபந்தனை. விழப்போகிற மரம் என்றால் சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் போட்டோவுடன் எழுத்து மூலம் மனு கொடுத்து, வாங்கியதற்கு அத்தாட்சி பெற்றுக்கொள்வது நல்லது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுக்கலாம். மனு கொடுத்த பிறகு மரம் விழுந்தால் "எங்களுக்குத் தெரியாது" என்று யாரும் சொல்ல முடியாது. அந்த ஒரு துண்டுக் காகிதம்தான் கோர்ட்டில் பேசும்.

புயல் முடிந்ததும் இன்னொரு வேட்டையும் நடக்கும். விழுந்த மரத்தோடு நிற்கிற நல்ல மரத்தையும் சேர்த்து அறுத்து ஏற்றுவார்கள். புளியங்கட்டைக்குக் கறிக்கடையில் கிராக்கி. விறகுக்குச் சூளையில் கிராக்கி. பொது மரம் விழுந்தால் அது ஏலத்தில்தான் போக வேண்டும். பணம் அரசுக்கோ உள்ளாட்சிக்கோ சேர வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாக லாரி போனால் ஜனங்கள் கேள்வி கேட்கலாம்.

செலவு எவ்வளவு?

மழைக்கு முன்னால், அதாவது பங்குனியில் ஒரு தடவை, புரட்டாசியில் ஒரு தடவை, மரத்தைச் சுற்றி வந்து பார்க்க பத்து நிமிஷம் போதும். அடிமரத்தைச் சுற்றி மூன்று அடிக்கு சிமெண்டைப் பெயர்த்து மண் தெரிய விடுவதற்கு ஒரு கொத்தனாரின் அரைநாள் கூலி. பட்ட கொம்பை எடுக்க ஒரு நாள் வேலை. பள்ளம் தோண்ட வருகிறவனிடம் "அண்ணே, வேரை வெட்டாம கொஞ்சம் தள்ளித் தோண்டுங்க" என்று சொல்வதற்குக் காசே வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு மரம் விழுந்தால் காற்றின் மீது பழி போடலாம். அதற்கு முன்னால் போட முடியாது.

அடுத்த கோடை மழை எந்தத் தெருவில் எந்த மரத்தைச் சாய்க்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எந்த மரத்தின் வேர் வெட்டுப்பட்டு இருக்கிறது, எந்தக் கொம்பு தொங்குகிறது என்பது அந்தத் தெருக்காரர்களுக்குத் தெரியும். தெரிந்தும் சும்மா இருப்பவர்தான் முதல் குற்றவாளி!